இந்திய பி.டெக் வச்சிக்கிட்டு அமெரிக்காவுல மெடிசின்: போஸ்ட்பேக் படிக்கலாமா?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இப்பதான்.

திருச்சியில பி.டெக் பயோடெக்னாலஜி முடிச்சேன். எங்க செட்டுக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ கட்-ஆஃப்தான். 200க்குக் கொஞ்சத்துல மெடிசின் போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் சான் ஹோசே. எச்4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவைச் சார்ந்த விசா) வீட்டுல இருந்துட்டு, ஈ.ஏ.டி. (வேலை பார்க்க அனுமதி) வந்ததும் ஒரு டயக்னாஸ்டிக்ஸ் கம்பெனியில க்வாலிட்டி வேலைக்குப் போனேன். இப்ப கிரீன் கார்டு கைக்கு வந்தாச்சு. வயசு 31, பையனுக்கு நாலு.

மெடிசின் ஆசை விடல. என் பட்டத்தை இங்க எவனும் மதிக்க மாட்டான், கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் எல்லாம் முதல்ல இருந்து போஸ்ட்பேக்னு (பட்டம் முடிச்சவங்க மெடிக்கல் ஸ்கூல் சேர்றதுக்காக எடுக்கற பாடங்கள்) படிக்கணும்னு சொல்றாங்க. ஒரு ப்ரோகிராம்ல விசாரிச்சேன், ஃபீஸைக் கேட்டதும் போனை வச்சிட்டேன். இது உண்மையிலேயே தேவையா, இல்ல காசு பண்றதுக்குன்னு ஒரு கடையா? வீட்டுக்காரர் "நீ படி"ங்கிறார். மாமியார் ஒண்ணும் சொல்லல, அதுதான் பயமா இருக்கு.

ஸ்டெத்_சரவணன்

வாழ்த்துகள்ங்க. நான் மிச்சிகன்ல இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட், அதாவது பட்டம் முடிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்கற டாக்டர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சு, டெட்ராய்ட்ல கார் கம்பெனியில குப்பை கொட்டிட்டு, அப்புறம் இந்தப் பக்கம் வந்தவன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க.

போஸ்ட்பேக்னு ஒரே பேர்ல வேற வேற சரக்கு விக்குது. வரலாறோ இசையோ படிச்சிட்டு சயின்ஸ் வாசனையே இல்லாதவங்களுக்கு ஒண்ணு. பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் எல்லாம் இந்த வகை. பெரிய பேரு, நல்ல ரிசல்ட், ஆனா அடிப்படை சயின்ஸ் பாடங்களை ஏற்கெனவே பெரும்பாலும் முடிச்சவங்களை எடுக்க மாட்டாங்க. பயோடெக் படிச்ச நீங்க அங்க அப்ளை பண்றதுல அர்த்தமே இல்ல. ரெண்டாவது, சயின்ஸ் படிச்சும் மார்க் குறைஞ்சவங்க மேல்நிலைப் பாடமா எடுத்து ரெக்கார்டை சீர் பண்றது. மூணாவது எஸ்.எம்.பி., அதாவது மெடிக்கல் ஸ்கூல் முதல் வருஷப் பாடத்தையே மாஸ்டர்ஸ்ங்கிற பேர்ல படிக்கிறது. ஜார்ஜ்டவுன்ல 1970கள்ல இருந்தே நடக்குது, பாஸ்டன்லயும் பேர் பெற்ற ஒண்ணு இருக்கு.

உங்க கேஸ் இது மூணுலயும் சேராது. உங்களுக்கு மார்க் பிரச்சினை இல்ல, சயின்ஸ் தெரியாத பிரச்சினையும் இல்ல. ரெக்கார்டு இங்க செல்லாதுங்கிறதுதான் பிரச்சினை.

எம்.டி. (இங்க அதுதான் முதல் டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கு ஆம்காஸ்னு ஒரு பொது விண்ணப்பம். அவங்க வெளிநாட்டுப் பாடங்களை சரிபார்க்கறதும் இல்ல, ஜி.பி.ஏ. (4க்கு எவ்வளவுங்கிற மார்க் சராசரி) கணக்குல சேர்க்கறதும் இல்ல. படிச்சதுன்னு காலேஜ் பேரு, பட்டம் இருக்கும், அவ்வளவுதான். இது கேட்க மோசமா இருக்கும். ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, இங்க நீங்க எடுக்கிற முதல் பாடத்துல இருந்துதான் உங்க ஜி.பி.ஏ. ஆரம்பிக்குது. பழைய அரியர், கணக்குல வாங்கின 52 எதுவும் கூட வராது. இங்கேயே 18 வயசுல காலேஜ் போயி முதல் செமஸ்டர்ல சி வாங்கின பசங்க இந்த வாய்ப்புக்கு என்ன வேணா கொடுப்பாங்க.

இப்ப கெட்ட செய்தி. நிறைய கல்லூரிகள் அமெரிக்காவுலயோ கனடாவுலயோ குறைஞ்சது இத்தனை செமஸ்டர் கிரெடிட் படிச்சிருக்கணும்னு கேக்கறாங்க. 60ம் உண்டு, 90ம் உண்டு. சிலர் இங்கத்த பட்டமே வேணும்பாங்க. பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் நாலும் ஒவ்வொரு வருஷம் லேபோட எடுத்து, பயோகெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஒரு இங்கிலீஷ்னு சேர்த்தாக்கூட 45, 50 கிரெடிட்தான் தேறும். 90 கேக்கிற இடத்துக்கு அது பாதி வழி. அதனால எங்க படிக்கிறதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, நீங்க அப்ளை பண்ணப் போற பத்திருபது கல்லூரி என்ன கேக்குதுன்னு எம்.எஸ்.ஏ.ஆர். பாருங்க. அது ஏ.ஏ.எம்.சி.யோட (அமெரிக்க மெடிக்கல் கல்லூரிகள் சங்கம்) தகவல் தளம், சந்தா கொஞ்சம்தான்.

நேர்மையாச்_சொன்னா

எல்லாரும் பூங்கொத்து குடுக்கறீங்க, யாராவது ஒருத்தர் கணக்குப் போடணும் இல்லையா.

31. பாடங்கள் ரெண்டு ரெண்டரை வருஷம். அப்ளை பண்ற வருஷம் ஒண்ணு சும்மா போகும். 35ல சேர்ந்தா 39ல டாக்டர் பட்டம். ரெசிடென்சி குறைஞ்சது மூணு வருஷம். 42ல முதல் முழுச் சம்பளம், கூடவே கடன். சேர்ந்தாத்தான் இதெல்லாம். ஆம்காஸ் வழியா வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல அப்ளை பண்றாங்க, சீட் 23,000 சொச்சம். பாதிக்கு மேல வெளியே நிக்கறாங்க. போஸ்ட்பேக் ஒரு பட்டம் கூட இல்ல. சீட் கிடைக்கலன்னா கையில மிஞ்சறது ஒரு மார்க் ஷீட்.

இதே பாடங்களை வச்சே பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்) ஸ்கூல் போகலாம், ரெண்டே கால் வருஷம் மாதிரி. ஏற்கெனவே பட்டம் இருக்கறவங்களுக்கான நர்ஸிங் 12ல இருந்து 18 மாசத்துல முடியும். அதுல இருந்து நர்ஸ் பிராக்டிஷனர் வரைக்கும் போகலாம். நோயாளியைத் தொட்டு வேலை பாக்கணும்ங்கிற ஆசைக்கு இதெல்லாம் போதாதா? "டாக்டர்"ங்கிற அஞ்சு எழுத்து வேணும்னா அது வேற.

லேப்கோட்_லதா

"டாக்டர்"ல நாலு எழுத்துதான் சார், துணைக்காலைத் தனியா எண்ணினாத்தான் அஞ்சு 😄

காவிரி, நான் ஃப்ரீமான்ட். ஐ.டி.யில டெஸ்டிங் வேலை, சாயந்திரம் கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷ அரசுக் கல்லூரி). இப்ப ஆர்கானிக் ரெண்டாவது குவார்ட்டர் (செமஸ்டரைவிடச் சின்னப் பருவம்) ஓடுது. உங்க ஊருக்குப் பக்கத்துலயே டி ஆன்சா, ஃபுட்ஹில் இருக்கே! கலிபோர்னியாவுல குடியிருக்கறவங்களுக்குக் குவார்ட்டர் யூனிட் 31 டாலர். நாலு சயின்ஸும் லேபோட முழுசா எடுத்தா சுமாரா 60 யூனிட், ரெண்டாயிரம் டாலர்கூட ஆகாது. புக், பார்க்கிங், சில்லறை ஃபீஸ் தனி. நீங்க போனை வச்ச ப்ரோகிராம் நாப்பது ஐம்பதாயிரம் சொல்லியிருப்பாங்க, இல்ல?

பாடம் ஒண்ணும் மட்டமில்ல. போன வாரம் லேப்ல ஒரு ஆசிட்டைப் பிரிச்சு எடுக்கணும். செப்பரேட்டரி ஃபனல்ல பைகார்பனேட்டை ஊத்திக் குலுக்கினா உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துக்கிட்டே போகும். ஃபனலைத் தலைகீழாப் புடிச்சு, வாயை ஆளில்லாத பக்கமாத் திருப்பி, ஸ்டாப்காக்கைத் திறந்து 'புஸ்'னு காத்தை விடணும். திரும்பக் குலுக்கணும், திரும்ப விடணும். பக்கத்து டேபிள் பையன் 19 வயசு, திறக்க மறந்துட்டான். மூடி பறந்து போயி கூரையில அடிச்சது. ராத்திரி பத்து மணிக்கு காகிள்ஸ் பதிஞ்ச மூஞ்சியோட வீட்டுக்குப் போனா, அம்மா முகத்துல என்ன கோடுன்னு பொண்ணு கேக்கறா.

பயோடெக்ல இதெல்லாம் பண்ணியிருப்பீங்க, உங்களுக்கு ஈஸி. எனக்குத்தான் மோல் கணக்கே மறந்து போயிருந்தது.

ஸ்டெத்_சரவணன்

லதா சொல்றது சரி, ஆனா ஒரு 'ஆனா' இருக்கு. கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டை முழு மனசோட ஏத்துக்கற கல்லூரிகள் உண்டு, கலிபோர்னியாவுல நிறையவே உண்டு. நாலு வருஷக் கல்லூரியில படிச்சதைத்தான் பாப்போம்னு முகம் சுளிக்கறவங்களும் உண்டு. நான் சொல்ற வழி: அடிப்படைப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜ்ல முடிங்க. பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, ஜெனிடிக்ஸ், செல் பயாலஜி மாதிரி மேல்நிலைப் பாடங்களை ஸ்டேட் யுனிவர்சிட்டியிலயோ பெர்க்லி எக்ஸ்டென்ஷன்லயோ எடுங்க. செலவும் அடங்கும், கிரெடிட்டும் ஏறும், "கஷ்டமான பாடத்துல நிக்கறாங்களா"ங்கிற சந்தேகமும் தீரும். ரெண்டு மூணு சயின்ஸ் புரொஃபசர் பேரு தெரிஞ்சு வச்சிருந்தா சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும். இந்தியாவுல இருந்து அந்தக் கடிதம் வாங்கறது எவ்வளவு பாடுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆன்லைன் லேப் வேண்டாம். ஏத்துக்கறவங்க இருக்காங்க, இல்லாதவங்க அதைவிட அதிகம்.

நேர்மையாச்சொன்னா, உங்க 42 கணக்கு சரிதான். ஆனா படிக்கலன்னாலும் அவங்களுக்கு 42 வரத்தான் போகுது.

நேர்மையாச்_சொன்னா

அந்த 42 டயலாக்கை இந்த மாதிரி இழை எல்லாத்துலயும் யாராவது ஒருத்தர் சொல்லிடறாங்க. 42 வரும், ஆனா ஒரு 42ல வீட்டு லோன் முடிஞ்சிருக்கும், இன்னொண்ணுல ரெண்டு லட்சம் டாலர் படிப்பு லோன் இருக்கும். ரெண்டும் ஒரே பிறந்தநாள் இல்ல.

எடிசன்_அப்பா

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை இதற்கு நேர் எதிர்.

என் மகள் இங்கேயே பிறந்தவள். ஸ்டேட் யுனிவர்சிட்டியில் நியூரோசயின்ஸ் முடித்தாள், ஜி.பி.ஏ. 3.1. முதல் இரண்டு வருடம் சரியாகப் படிக்கவில்லை, கடைசி வருடம் பரவாயில்லை. இப்போது போஸ்ட்பேக் போகிறேன் என்கிறாள். ஒரு கன்சல்டன்சியில் கேட்டால் எஸ்.எம்.பி.தான் ஒரே வழி, நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் பிளஸ் டூவிலிருந்து நேராக பி.எஸ்./எம்.டி. (இளநிலைப் பட்டமும் மெடிசினும் சேர்ந்த படிப்பு) சேர்ந்துவிட்டார்கள். கொலுவுக்குப் போனால்கூட அதே பேச்சுதான். அவள் இப்போது கொலுவுக்கே வருவதில்லை.

எத்தனை பாடம் எடுத்தால் 3.1 எவ்வளவு ஆகும்? யாராவது சொல்ல முடியுமா?

ஸ்டெத்_சரவணன்

சார், கணக்கு இதோ. 120 கிரெடிட், 3.1. மொத்தப் புள்ளி 372. இதுக்கு மேல 30 கிரெடிட் எடுத்து எல்லாத்துலயும் ஏ வாங்கினா இன்னொரு 120 புள்ளி. 492ஐ 150ஆல வகுத்தா 3.28. 40 கிரெடிட் எடுத்தா 532ஐ 160ஆல வகுக்கணும், 3.33கிட்ட. உப்பு கூடிப்போன சாம்பார்ல தண்ணி ஊத்தற மாதிரிதான், ஒரு அளவுக்கு மேல இறங்காது. இங்க சேர்றவங்களோட சராசரி 3.8கிட்ட, எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) சராசரி 511, 512. அந்த எண்ணை எட்டணும்னு ஓடினா மனசு விட்டுப் போயிடும்.

ஆனா விண்ணப்பத்துல ஜி.பி.ஏ. ஒரே எண்ணா போறதில்ல. முதல் வருஷம், ரெண்டாம் வருஷம்னு பிரிச்சுப் போகும், போஸ்ட்பேக்குக்குத் தனி வரி. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நாலுக்கும் சேர்த்து ஒரு தனி ஜி.பி.ஏ. முதல் வருஷம் 2.7, கடைசி வருஷம் 3.5, போஸ்ட்பேக் 3.95ன்னு ஒரு வரிசை இருந்தா படிக்கிறவங்களுக்குக் கதை புரியும். பாப்பாவுக்குக் கடைசி வருஷம் நல்லா இருந்ததுங்கறீங்க, அதைப் பிடிச்சுக்கோங்க.

எஸ்.எம்.பி. பத்தி: அதோட மார்க் கிராஜுவேட் ஜி.பி.ஏ.ன்னு தனியா நிக்கும், பழைய 3.1 அசையாது. மெடிக்கல் மாணவர்களோட ஒரே பாடம், சில இடத்துல ஒரே பரீட்சை. நல்லாப் பண்ணினா "இவளால முடியும்"ங்கறதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பி வாங்கினா, முடியலங்கறதுக்கும் அதே சாட்சி. அதனால அது முதல் படி இல்ல, கடைசிப் படி. முதல்ல அண்டர்கிராஜுவேட் மேல்நிலைப் பாடம் நாலஞ்சு எடுக்கட்டும், எம்கேட் எழுதட்டும், அதைப் பாத்து முடிவு பண்ணலாம்.

பழைய சி-க்களைத் திரும்ப எடுத்து ஏ ஆக்கினா பழசு அழிஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆம்காஸ் ரெண்டையும் எண்ணும். டி.ஓ. (ஆஸ்டியோபதி டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பத்துல முன்னாடி பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடுவாங்க, 2017ல அதையும் நிறுத்திட்டாங்க. ஆனா டி.ஓ.வை விட்டுடாதீங்க சார். நம்மாளுங்களுக்கு அந்த ரெண்டு எழுத்து மேல ஒரு இளக்காரம். என் கூட ராத்திரி டியூட்டி பாக்கறவங்கள்ல பலபேர் டி.ஓ.தான், அதே வேலை, அதே சம்பளம்.

ஹூஸ்டன்_வெயில்

டெக்சாஸ் ஆளுங்க யாராவது படிச்சா ஒரு தகவல். இங்க பொதுக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். மாநிலச் சட்டத்துல 'அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்'னு ஒண்ணு உண்டு, பத்து வருஷத்துக்கு முந்தின பாடங்களைக் கணக்குல எடுக்காதேன்னு கேக்கலாம். ஆனா எடுத்தா எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். நல்ல மார்க்கை வச்சுக்கிட்டு மோசமானதை மட்டும் தூக்கிப் போட முடியாது. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா அப்படித்தான் மொத்தமும் புதுசா ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு, இங்க சீட்டுல பத்துக்கு ஒன்பது டெக்சாஸ் பிள்ளைகளுக்கே. வெளிமாநிலத்துல இருந்து ஆசையா அப்ளை பண்றவங்க அதை மனசுல வச்சுக்கோங்க.

நெறியாளர்

"உத்தரவாத சீட்" என்று இரண்டு பதிவுகள் வந்தன, நீக்கப்பட்டன. கரீபியன் கல்லூரி ஏஜென்ட்கள் இங்கே கடை விரிக்க வேண்டாம். கரீபியன் பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம்.

எடிசன்_அப்பா

சரவணன் தம்பி, இவ்வளவு தெளிவாக அந்தக் கன்சல்டன்சியில்கூடச் சொல்லவில்லை. நன்றி. கரீபியன் பற்றி என் மைத்துனரும் சொன்னார், கிரனடாவில் உடனே இடம் கிடைக்கும் என்று. அது எப்படி?

ஸ்டெத்_சரவணன்

இடம் கிடைக்கும் சார், அது உண்மை. உள்ள போறது சுலபம், வெளிய வர்றதுதான் கேள்வி. வெளிநாட்டுக் கல்லூரியில படிச்ச அமெரிக்கக் குடிமக்கள்ல ரெசிடென்சி மேட்ச் ஆகறது (பயிற்சி இடம் கிடைக்கறது) மூணுல ரெண்டு பேர். இங்கத்த எம்.டி., டி.ஓ. கடைசி வருஷ மாணவர்களுக்கு அது 90 சதவீதத்துக்கு மேல. அந்த மூணுல ரெண்டுங்கறது மேட்ச் வரைக்கும் வந்து சேர்ந்தவங்க கணக்கு. நடுவுல கழன்டுக்கிட்டவங்க அதுல இல்ல. அங்க படிச்ச அருமையான டாக்டர்கள் எனக்குத் தெரியும். ஆனா 3.1 வச்சிருக்கற பிள்ளை ஒரு வருஷம் போஸ்ட்பேக் முயற்சி பண்ணாம நேரா விமானம் ஏறக்கூடாது.

ஸ்காபரோ_குமரன்

கனடாவில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு. இஞ்ச போஸ்ட்பேக் எண்டு தனியா ஒரு ஏற்பாடு பெருசா இல்லை. மார்க் காணாட்டி ரெண்டாவது டிகிரி தொடங்கிறதுதான் வழக்கம். ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் ஒவ்வொரு விதமாக் கணக்குப் பார்க்கும், அதைத் தெரிஞ்சு வச்சுக்கொண்டுதான் படிக்கவேணும். மக்மாஸ்டருக்கு சயின்ஸ் பாடம் எடுத்திருக்கவேணும் எண்ட கட்டாயமே இல்லை, எம்கேட்டிலயும் வாசிப்புப் பகுதியை மட்டும்தான் பார்க்கினம். ஒட்டாவாவுக்கு எம்கேட்டே தேவையில்லை.

எங்கட ஆக்கள் பிள்ளையை லைஃப் சயின்ஸில போட்டுட்டு, மார்க் குறைஞ்சோடன அயர்லாந்து, ஒஸ்திரேலியா எண்டு அனுப்பிறது கன காலமா நடக்குது. காசுள்ள ஆக்களுக்கு அது சரி. திரும்பி வந்து ஒன்டாரியோவில ரெசிடென்சி எடுக்கிறது லேசான காரியமில்லை எண்டதையும் முதலே விசாரிச்சுப் போட்டு அனுப்புங்கோ.

காவிரி தங்கச்சி, கிறீன் கார்ட் கையில இருக்கிறதால உங்களுக்கு அமெரிக்காதான் நல்லம். இஞ்ச நினைச்சும் பாக்காதேங்கோ.

பாலைவன_ஒட்டகம்

கிரீன் கார்டுன்னு எல்லாரும் ஈஸியா சொல்றீங்க. நான் ஃபீனிக்ஸ், வந்தப்ப வயசு எட்டு. அப்பாவோட கியூ இன்னும் நகரல. 21 ஆனதும் எச்4ல இருந்து எஃப்1க்கு (மாணவர் விசா) மாறினேன். ஜி.பி.ஏ. 3.7. போஸ்ட்பேக் எனக்குத் தேவையே இல்ல. ஆனா பெரும்பாலான ஸ்டேட் மெடிக்கல் ஸ்கூல் கதவே திறக்காது, சிட்டிசன், கிரீன் கார்டு மட்டும்தான். எடுக்கற தனியார் கல்லூரிகள்லயும் சிலர் முழுப் படிப்புக்கான பணத்தை முன்கூட்டியே தனி அக்கவுண்ட்ல கட்டி வைங்கறாங்க. ஃபெடரல் லோனும் கிடையாது.

ஆலோசனை கேக்கல. "பாடம் எடுத்தா போதும்"னு எழுதறவங்க முதல்ல விசா என்னன்னு கேட்டுட்டு எழுதுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

லேப்கோட்_லதா

ஒட்டகம், நீ சொல்றது நூத்துக்கு நூறு. எங்க லேப்லயும் ஒரு பொண்ணு இதே நிலைமை. எஃப்1 எடுக்கற கல்லூரிகளை மட்டும் பட்டியல் போட்டுத் தனி இழை ஒண்ணு ஆரம்பி, நாங்க தெரிஞ்சதைச் சேக்கறோம். இதுக்குள்ள எழுதினா தொலைஞ்சு போயிடும்.

காவிரிக்கரை

ஒரே நாள்ல இவ்வளவு பதில்! பையனைத் தூங்க வச்சிட்டு முழுசாப் படிச்சேன். ஒட்டகம், உங்க பதிவைப் படிச்சதும் என்ன எழுதறதுன்னே தெரியல. தனி இழை போட்டா சொல்லுங்க.

லோன் விஷயம் யாரும் தொடல. போஸ்ட்பேக்குக்கு லோன் கிடைக்குமா? அப்புறம் ஊர்ல அண்ணன் சொல்றார், "நீட்டுக்கு வயசு வரம்பை எடுத்துட்டாங்க, இங்க வந்து எழுது, எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு யு.எஸ்.எம்.எல்.இ. (அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் தேர்வு) எழுதி ரெசிடென்சிக்குப் போ"ன்னு. அதையும் யோசிக்கலாமா?

ஸ்டெத்_சரவணன்

வயசு வரம்பை 2022ல எடுத்தது உண்மைதான். ஆனா ப்ளஸ் டூ பிசிக்ஸை இப்ப திரும்ப எடுத்து, லட்சக்கணக்கான 18 வயசுப் பசங்களோட ஓடி, சீட் வாங்கி, இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷம். அதுவரைக்கும் பையன் எங்க? நீண்ட நாள் வெளிய இருந்தா கிரீன் கார்டுக்கும் ஆபத்து. வெளிநாட்டு டாக்டரா மேட்ச் ஆகறது, குடிமகன் அல்லாதவங்களுக்குப் பத்துல ஆறு பேர்கிட்டதான். அண்ணன்கிட்ட நன்றி சொல்லிட்டு விட்டுடுங்க.

லோன்: மெடிக்கல் ஸ்கூல் சேர்றதுக்குத் தேவையான பாடங்கள்னு கல்லூரி எழுதிக் கொடுத்தா, தொடர்ச்சியா 12 மாசம் வரைக்கும் ஃபெடரல் லோன் கிடைக்கும். உங்க மாதிரி ஆளுக்கு உச்சவரம்பு 12,500 டாலர். எல்லாக் கல்லூரியும் இதைச் செய்யறதில்ல, ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல நேர்ல கேளுங்க. யூனிட் 31 டாலர்ல படிக்கறவங்களுக்கு லோனே வேண்டாம்னு வைங்க.

பெரிய இடி மெடிக்கல் ஸ்கூல் லோன்லதான். கிராட் பிளஸ்னு ஒண்ணு இருந்தது, முழுச் செலவுக்கும் கடன் வாங்கலாம். 2025 ஜூலையில போட்ட சட்டத்துல புதுசா கடன் வாங்கறவங்களுக்கு 2026 ஜூலை 1ல இருந்து அதை நிறுத்திட்டாங்க. மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்புக்கு வருஷம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் வரம்பு. சில தனியார் கல்லூரியில சாப்பாடு வாடகையோட வருஷம் லட்சத்தைத் தொடுது. மிச்சத்துக்குத் தனியார் லோன், இல்லன்னா வீட்டுக்காரர் சம்பளம். எடிசன் சார், எஸ்.எம்.பி.க்கும் இதைப் பாருங்க, சாதாரண மாஸ்டர்ஸ்க்கு வருஷ வரம்பு 20,500தான், ஃபீஸ் பல இடத்துல அதைத் தாண்டும்.

நேர்மையாச்_சொன்னா

இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன், அப்ப யாரும் லைக் போடல.

சரி, நான் எதிரி இல்ல. காவிரி, ஒரு குவார்ட்டர் மட்டும் படிச்சுப் பாருங்க. வேலையை விடாதீங்க. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில வாலண்டியரா போங்க, சும்மா போர்வை மடிக்கற வேலை கொடுத்தாலும் போங்க. ராத்திரி நாலு மணிக்கு வாந்தி எடுக்கற ஆளைப் பக்கத்துல நின்னு பாத்த பிறகும் ஆசை இருந்தா நான் வாயை மூடிக்கறேன். ஸ்க்ரைப் வேலை கிடைச்சா இன்னும் நல்லது, டாக்டர் பக்கத்துலயே உக்காந்து டைப் அடிக்கலாம், சம்பளம் சொற்பம்.

ஸ்டெத்_சரவணன்

இப்ப போட்டேன் லைக் 🙂

காவிரி, எம்கேட்ல ஒண்ணு சொல்லிடறேன். 472ல இருந்து 528 வரைக்கும் மதிப்பெண், ஏழரை மணி நேரத்துக்குக் கிட்ட உக்காரணும். நம்ம ஊர்ல படிச்சவங்க சயின்ஸ் மூணு பகுதியைச் சமாளிச்சிடுவாங்க. கவுத்து விடறது கார்ஸ்ங்கிற வாசிப்புப் பகுதி. 90 நிமிஷம், ஒன்பது பத்தி, 53 கேள்வி. தத்துவம், கலை விமர்சனம், ஏதோ ஒரு ஊரோட கட்டடக்கலைன்னு வரும். உங்களுக்கு முன்கூட்டித் தெரிஞ்ச எதுவும் உதவாது, அந்தப் பத்தியில எழுதினவர் என்ன நினைக்கறார்னு மட்டும் புடிக்கணும். மனப்பாடம் பண்ணி வளர்ந்த நமக்கு இது புது வேலை. பாடங்கள் ஆரம்பிக்கிற நாள்ல இருந்தே தினம் ஒரு கனமான கட்டுரை படிங்க, கடைசி மூணு மாசத்துல வராது இது.

பாட வரிசையும் முக்கியம். ஜெனரல் கெமிஸ்ட்ரி முடியாம ஆர்கானிக் கிடைக்காது, ஆர்கானிக் இல்லாம பயோகெமிஸ்ட்ரி கிடைக்காது. ஃபால்ல கெமிஸ்ட்ரி சேரலன்னா ஒரு வருஷம் அப்படியே தள்ளிப் போகலாம். மத்தது எதை வேணா அப்புறம் யோசிங்க, கெமிஸ்ட்ரி சீட்டை முதல்ல புடிங்க.

எடிசன்_அப்பா

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். தமிழ் மெதுவாகத்தான் படிப்பாள், சரவணன் தம்பியின் கணக்கை நான் வாசித்துக் காட்டினேன். எஸ்.எம்.பி. வேண்டாம், பக்கத்து ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் எடுக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டியிருந்தேன், திரும்ப வருமா தெரியவில்லை. போகட்டும்.

காவிரிக்கரை

முடிவு பண்ணிட்டேன். முழுசா இல்ல, ஒரு குவார்ட்டருக்கு மட்டும். வேலையை விடல. மாமியார்கிட்ட சொன்னேன், "சாயந்திரம் அவனை நான் பாத்துக்கறேன், நீ எத்தனை மணிக்கு வருவே"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

இப்ப புதுத் தலைவலி. சாயந்திர கெமிஸ்ட்ரி வகுப்பு எல்லாமே ஃபுல்லுன்னு காட்டுது. நான் புது மாணவி, பதிவு பண்ற தேதியே கடைசியிலதான் கொடுத்திருக்காங்க. வெயிட்லிஸ்ட்ல எட்டாவது. அதோட பி.டெக்ல கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன், ஆனா இங்க ஆரம்பத் தேர்வு ஒண்ணு எழுதணுமாம். என்ன பண்றது லதா?

லேப்கோட்_லதா

எட்டுன்னா பயப்படாதே. முதல் வாரத்துல பாதிப் பேர் கழன்டுடுவாங்க. முதல் நாள் வகுப்புக்கு நேர்ல போ, ஈமெயில் அனுப்பிட்டு வீட்டுல உக்காராதே. லேப்ல முன்வரிசையில உக்காந்து, வகுப்பு முடிஞ்சதும் புரொஃபசர்கிட்ட ஆட் கோடு (வகுப்புல சேர்றதுக்கான எண்) கேளு. முதல் லேபுக்கு வராதவங்க பேரை அவங்களே அடிச்சிட்டு வெயிட்லிஸ்ட்ல இருக்கறவங்களைக் கூப்பிடுவாங்க. அதே வகுப்பு காலையில சீக்கிரமாவும் ஒண்ணு இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க, அதையும் பாத்து வை.

ஆரம்பத் தேர்வு ப்ளஸ் டூ அளவுதான், ஸ்டாய்கியோமெட்ரியும் யூனிட் மாத்தறதும் ஒரு வாரம் போட்டுப் பாத்தா போதும். பழைய மார்க் ஷீட்டை மதிப்பீடு பண்ணிக் கொடுத்தா தேர்வே வேண்டாம்பாங்க, ஆனா அது வர்றதுக்குள்ள குவார்ட்டர் முடிஞ்சிடும்.

காகிள்ஸை இப்பவே வாங்கிடு, காத்து போற மாதிரி நேரா ஓட்டை வச்சது இல்ல, கெமிக்கல் ஸ்ப்ளாஷ்னு போட்டிருக்கறது. நீ கண்ணாடி போடுவியா? போட்டா அதுக்கு மேல மாட்டற சைஸ் பாத்து வாங்கு, முதல் வாரம் புக்ஸ்டோர்ல அதுதான் முதல்ல தீந்து போகும்.